விசில் அடங்கிய மலை: பினடூபோ, 1991

1991 மே 13 அன்று பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலையின் புகையை அளந்தபோது, நாளொன்றுக்கு 500 டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறுவது தெரிந்தது. மே 28 அன்று அதுவே 5,000 டன். பதினைந்தே நாளில் பத்து மடங்கு. அப்புறம் எண் சரிய ஆரம்பித்தது. ஜூன் முதல் வாரத்தில் 300 டன்னுக்கும் கீழே போய்விட்டது.

எரிமலை பற்றி ஒன்றும் தெரியாதவரிடம் இந்த மூன்று எண்களைக் காட்டினால், "நல்லவேளை, அடங்கிவிட்டது" என்றுதான் சொல்வார். அப்படி நினைப்பதில் பெரிய தப்பும் இல்லை. ஆனால் அடுத்த பத்து நாளில் அந்த மலை வெடித்தது. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய எரிமலை வெடிப்பு அது. (முதலிடம் 1912இல் அலாஸ்காவில் வெடித்த நோவரப்டாவுக்கு. பக்கத்தில் பெரிய ஊர் எதுவும் இல்லாததால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.)

பருப்பு வைத்த குக்கர் விடாமல் விசில் அடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று அமைதியானால், சமைத்துப் பழகிய யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள். ஒன்று, உள்ளே தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் பருப்பு மேலே ஏறி, வெயிட் போடும் துளையை அடைத்திருக்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பினடூபோவைக் கண்காணித்தவர்களுக்கு ஜூன் முதல் வாரத்தில் வந்த சிக்கல் இதேதான். குக்கருக்காவது பாதுகாப்பு வால்வு என்று ஒன்று உண்டு.

இந்த வெடிப்பில் வாயு எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது, ஏன் ஒளிந்துகொண்டது என்ற கேள்விகள் இரண்டு முறை எழுந்தன. வெடிப்பதற்கு முன்னால் ஒரு முறை, உயிர் காக்கும் அவசரத்தில். வெடித்து முடிந்தபின் இன்னொரு முறை, கணக்கு இடித்ததால். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு புரியும் என்பது என் எண்ணம்.

மலையும் அதைச் சுற்றி இருந்தவர்களும்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் இருக்கிறது பினடூபோ. அப்போது அதன் உயரம் 1,745 மீட்டர். காடு மூடிய மலை. கடைசியாக வெடித்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஆகியிருந்ததால், எரிமலை என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. அதன் சரிவுகளில் ஐட்டா பழங்குடி மக்கள் பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். கிழக்கே அமெரிக்க விமானப்படையின் கிளார்க் தளம், தென்மேற்கே அதே நாட்டின் சூபிக் கடற்படைத் தளம். சுற்றுவட்டாரத்தில் மொத்தம் பத்து லட்சம் பேர் என்று கணக்கு.

1990 ஜூலை 16 அன்று லூசோனை 7.7 அளவில் ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அதன் மையம் பினடூபோவிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி. அதுதான் மலையை எழுப்பியதா என்று அப்போதிருந்தே வாதம் நடக்கிறது, நிரூபணம் கிடைக்கவில்லை. 1991 மார்ச் நடுவில் மலையில் இருந்தவர்கள் சிறுசிறு அதிர்வுகளை உணர்ந்தார்கள். ஏப்ரல் 2 அன்று மலையின் வடபுறத்தில் சுமார் ஒன்றரை கி.மீ. நீளத்துக்கு வரிசையாகப் பல இடங்களில் நீராவி வெடித்துக் கிளம்பியது.

பிலிப்பைன்ஸ் எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனமான ஃபிவோல்க்ஸ் உடனே நிலநடுக்கமானிகளைக் கொண்டுபோய் வைத்தது. ரேமுண்டோ புனோங்பயான் அதன் இயக்குநர். ஏப்ரல் கடைசியில் கிறிஸ் நியூஹால் தலைமையில் அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பின் குழு ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. அந்தக் குழு பிறந்த கதை வேறு. 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயிஸ் எரிமலையில் ஒரு சிறிய வெடிப்பு. அது பனியை உருக்கி அனுப்பிய சேற்று வெள்ளம் அர்மேரோ என்ற ஊரையே மூடிவிட்டது. இறந்தவர்கள் சுமார் 23,000 பேர். ஆபத்தைக் காட்டும் வரைபடம் கையில் இருந்தும் நடந்த சாவு அது. அந்த உறுத்தலில்தான், எந்த நாட்டில் எரிமலை குமுறினாலும் கருவிகளோடு உடனே கிளம்புகிற மாதிரி ஒரு குழுவை 1986இல் அமைத்தார்கள். பினடூபோ அதன் பெரிய பரீட்சை.

பாறைக்குள் தண்ணீர்

எரிமலை என்றதும் நம் மனதில் நெருப்பும் உருகிய பாறையும்தான் வரும். உருகிய பாறைக்குத் தானாக வெடிக்கும் சக்தி கிடையாது. அதை வெடிக்க வைப்பது அதற்குள் கரைந்திருக்கும் வாயு. அதிலும் பெரும்பகுதி வெறும் தண்ணீர். அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. பிறகு கந்தக வாயுக்கள், கொஞ்சம் குளோரின், கொஞ்சம் ஃபுளோரின்.

பூமிக்கடியில் 8 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் ஏறக்குறைய 2,000 வளிமண்டலம். அந்த நெருக்கடியில் தண்ணீர் ஆவியாகத் தனித்து நிற்காது. உப்பு ரசத்தில் கரைவதுபோல் பாறைக்குழம்பில் கரைந்துவிடும். பினடூபோவின் குழம்பு டேசைட் வகை. சிலிக்கா அதிகம், சூடு குறைவு. வெளியே வந்து விழுந்த கற்களை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்ததில், வெடிப்புக்கு முன் அதன் வெப்பம் சுமார் 780 டிகிரி செல்சியஸ் என்றும், உருகிய பகுதியின் எடையில் 6 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் கரைந்திருந்தது என்றும் தெரியவந்தது.

ஆறு சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் உருகிய பாறை ஏறத்தாழ 2,300 கிலோ. அதில் 6 சதவீதம் என்றால் சுமார் 140 கிலோ தண்ணீர். அது முழுவதும் 800 டிகிரி சூட்டில், தரைமட்ட அழுத்தத்தில் ஆவியானால் 600 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஒரு பெட்டிக்குள் இருந்தது ஒரு கல்யாண மண்டபம் கேட்கிறது. பினடூபோ குழம்பில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே படிகமாகிவிட்டது என்பதால் இந்தக் கணக்கைப் பாதியாக்கினாலும், 300 மடங்கு.

இந்த விரிவு ஒரே நொடியில் நடப்பதில்லை. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். கரைந்திருந்தது குமிழாகப் பிரியும். கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரையாது, அதனால் ஆழத்திலேயே முதலில் பிரியத் தொடங்கும். தண்ணீர் கடைசிவரை ஒட்டிக்கொண்டு வந்து, மேற்பரப்பை நெருங்கும்போது மொத்தமாகக் கிளம்பும். குமிழ்கள் குழம்பின் எடையைக் குறைக்கின்றன. இலேசானதால் அது இன்னும் வேகமாக ஏறுகிறது. ஏறியதால் இன்னும் குமிழ்கள் பிறக்கின்றன. கொள்ளளவில் முக்கால் பங்கு குமிழ் என்ற நிலை வரும்போது, குமிழ் நிறைந்த குழம்பு என்பது போய்க் குழம்புத் துணுக்குகள் பறக்கும் வாயு என்றாகிவிடும். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து வந்ததில்லை. உடைந்த குமிழ்களின் சுவர்கள்தான் அது. நுரைக்கல்லைக் கையில் எடுத்தால் தெரியும் அதன் பொத்தல்கள், கல்லாக உறைந்துபோன நுரை.

குமிழ்கள் எல்லா எரிமலையிலும் பிறக்கின்றன. பிறகு ஏன் ஹவாயில் குழம்பு நிதானமாக வழிந்து ஓடுகிறது, பினடூபோ மட்டும் வெடிக்கிறது? ரசம் கொதிப்பதற்கும் களி கொதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ரசத்தில் குமிழ் மேலே வரும், உடையும், முடிந்தது. களியில் குமிழ் ஏற முடியாமல் அங்கேயே ஊதும். ஊதி ஊதிக் கடைசியில் 'பொளக்' என்று வெடித்துக் கையில் தெறிக்கும். ஹவாயின் பசால்ட் குழம்பு ரசம் பக்கம். டேசைட் களிக்கும் களி.

களி உவமை ஓர் இடத்தில் காலை வாரிவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். டேசைட்டில் கரைந்திருக்கும் தண்ணீர்தான் அதன் சிலிக்காச் சங்கிலிகளை அறுத்து அதை ஓரளவு இளக்கி வைத்திருக்கிறது. தண்ணீர் பிரிந்து போகப் போக மிச்சமிருக்கும் குழம்பு பல்லாயிரம் மடங்குக்கும் மேலாக இறுகும். நுண்படிகங்கள் வேறு பெருகும். ஆக, வாயு மெல்லத் தப்பிக்கும்போது, அது தப்பிக்கிற வழியே அடைபட ஆரம்பிக்கிறது. ஜூன் முதல் வாரத்து எண்ணைப் புரிந்துகொள்ள இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புகையை எடை போடுவது

வெளியேறும் வாயுவில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றால், ஏன் கந்தகத்தை அளந்தார்கள்? காற்றில் ஏற்கெனவே நீராவி ஏராளம். கார்பன் டை ஆக்சைடும் உண்டு. மலையிலிருந்து வந்தது எது, முன்பே இருந்தது எது என்று பிரிப்பது பெரும்பாடு. கந்தக டை ஆக்சைடு சாதாரணக் காற்றில் கிட்டத்தட்ட இல்லை. புகையில் அது இருந்தால், மலை தந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதோடு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை அது தனக்கே உரிய விதத்தில் உறிஞ்சும். கோஸ்பெக் என்ற கருவி இந்த உறிஞ்சலைத்தான் அளந்தது. ஆலைப் புகைபோக்கிகளைக் கண்காணிக்கச் செய்த கருவி அது. எரிமலைக்காரர்கள் அதை இரவல் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். புகைத்திரைக்கு அடியில் குறுக்கே பறந்து, மேலே எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளந்து, காற்றின் வேகத்தால் பெருக்கினால் நாளொன்றுக்கு இத்தனை டன் என்ற கணக்கு வரும். காற்றின் வேகத்தை ஊகிப்பதில்தான் பிழை அதிகம் நுழையும். ஆனால் 5,000 என்பது 300 ஆவதை எந்தப் பிழையாலும் விளக்க முடியாது.

500இலிருந்து 5,000க்கு ஏறியதற்கு அர்த்தம் சொல்வது சுலபம். புதிய மாக்மா, அதாவது பாறைக்குழம்பு, மேலே வருகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் கரையும். மலைக்குள் நிலத்தடி நீர் நிறைய இருக்கும்வரை அது பெரும்பகுதியை விழுங்கிவிடும்; வெளியே நீராவியும் அழுகிய முட்டை வாடையும்தான் வரும். வாயு இவ்வளவு தாராளமாக வெளியே வருகிறது என்றால், பாதை சூடேறிக் காய்ந்துவிட்டது என்று பொருள்.

இறங்கியதற்குத்தான் ஒன்றுக்கு மூன்று விளக்கங்கள் இருந்தன. ஒன்று, ஏறி வந்த மாக்மா தன்னிடம் இருந்த வாயுவை இழந்து செத்துக் கிடக்கிறது. இரண்டு, எங்கிருந்தோ நிலத்தடி நீர் புகுந்து வாயுவைக் கரைக்கிறது. மூன்று, மாக்மாவின் தலைப்பகுதி வாயு இழந்து இறுகி, தனக்குத் தானே மூடி போட்டுக்கொண்டுவிட்டது. முதலாவது என்றால் மக்கள் வீட்டுக்குத் திரும்பலாம். மூன்றாவது என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டும்.

தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இரண்டு பக்கமும் இருந்தது. அர்மேரோவைச் சொன்னேன். மறுபக்கம் 1976இல் கரீபியன் கடலின் குவாடலூப் தீவு. அங்கே லா சூஃப்ரியேர் எரிமலை குமுறியதும் சுமார் 73,000 பேரை மாதக்கணக்கில் ஊரைவிட்டு வெளியே வைத்திருந்தார்கள். மாக்மா மேலே வரவே இல்லை. விஞ்ஞானிகள் பொதுவெளியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பினடூபோவில் அடைப்பு என்ற முடிவுக்கு வந்தது வாயு எண்ணை மட்டும் வைத்து இல்லை. மே மாதம் முழுக்க அதிர்வுகள் உச்சியிலிருந்து வடமேற்கே சில கி.மீ. தள்ளித்தான் குவிந்திருந்தன. ஜூன் தொடக்கத்தில் அவை நீராவி கிளம்பும் இடத்துக்கு நேர் கீழே, ஆழம் குறைந்த பகுதிக்கு நகர்ந்தன. வாயு குறையும் நேரத்தில் அதிர்வு கூடியது. நிலம் வெளிப்புறமாகச் சாய ஆரம்பித்தது. மாக்மா செத்திருந்தால் இதெல்லாம் நடக்காது. ஜூன் 5 அன்று, இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம் என்று பொருள்படும் மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தது.

வாயு எண் மட்டும் தனியாக நின்றிருந்தால் அது எதையும் தீர்மானித்திருக்காது. பினடூபோ கதையைச் சொல்பவர்கள் பலர் "வாயு குறைந்தது, விஞ்ஞானிகள் புரிந்துகொண்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வாயு குறைந்து சும்மா அடங்கிப்போன எரிமலைகளும் உண்டு. குறைந்ததை அமைதி என்று எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 1993 ஜனவரி 14 அன்று கொலம்பியாவின் கலேராஸ் எரிமலைக்கு, பக்கத்து ஊரில் கருத்தரங்குக்கு வந்திருந்த விஞ்ஞானிகள் ஏறினார்கள். வாயு குறைவாக இருந்தது. திருகாணி வடிவில் பதிவாகும் ஒருவகை அதிர்வு மட்டும் அவ்வப்போது வந்துபோனது. அவர்கள் பள்ளத்துக்குள் இருந்தபோதே அது வெடித்தது. ஆறு விஞ்ஞானிகளும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள்.

ஜூன் 7 முதல் 15 வரை

ஜூன் 7 அன்று உச்சிக்குப் பக்கத்தில் ஒரு குழம்பு மேடு முளைத்தது. அடைப்பே பிதுங்கி வெளியே வந்த மாதிரி. சில நாட்களில் அது ஏறக்குறைய 200 மீட்டர் அகலமும் 40 மீட்டர் உயரமும் ஆனது. வாயு முழுக்க வடிந்துபோன மாக்மா என்பதால் வெடிக்காமல் பற்பசைபோல வெளிவந்தது. அதே நாள் நான்காம் நிலை எச்சரிக்கை. ஜூன் 9 அன்று ஐந்தாம் நிலை. ஜூன் 10 காலையில் கிளார்க் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் வண்டிகளில் வரிசையாகச் சூபிக்குக்குக் கிளம்பினார்கள். படைத்தளமே காலியாவதைப் பார்த்தபின்தான் அதுவரை தயங்கிய பலருக்கு நம்பிக்கை வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மக்களை நம்பவைக்க இன்னொன்றும் உதவியது. பிரெஞ்சு எரிமலை ஆய்வாளர் மோரிஸ் கிராஃப்ட், எரிமலை ஆபத்துகளை விளக்கத் தான் படமெடுத்த காட்சிகளைத் தொகுத்து ஒரு காணொளி செய்திருந்தார். கொதிக்கும் சாம்பலும் வாயுவும் ஒன்றாகச் சரிவில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்து மக்கள் கிளம்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் அப்படிப்பட்ட ஓட்டம் ஒன்றில் கிராஃப்டும் அவர் மனைவி காத்யாவும் இறந்துபோனார்கள்.

ஜூன் 12, பிலிப்பைன்ஸின் சுதந்திர நாள். காலை 8:51க்கு முதல் பெரிய வெடிப்பு. சாம்பல் தூண் 19 கி.மீ. உயரம் போனது. அடுத்த மூன்று நாளும் விட்டுவிட்டு வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பும் மேலிருந்த பாரத்தைக் கொஞ்சம் தூக்கி எறிந்தது. பாரம் குறைந்ததும் கீழிருந்த குழம்பில் புதிதாகக் குமிழ் பிறந்தது. ஜூன் 15 பிற்பகல் 1:42 அளவில் இடைவெளியே இல்லாமல் போயிற்று. தூண் சுமார் 35 கி.மீ. உயரம் ஏறியது. கிளார்க்கில் இருந்த ஒன்றைத் தவிர நிலநடுக்கமானிகள் எல்லாம் செத்துவிட்டன. அதுவரை தளத்தின் ஓரத்தில் ஒண்டியிருந்த ஆய்வுக் குழுவும் ஓடியது. இரவு பத்து மணிக்கு மேல்தான் வேகம் தணிந்தது. அதற்குள் சுமார் 5 கன கி.மீ. மாக்மா வெளியேறிவிட்டது, நுரையும் சாம்பலுமாக அதன் கொள்ளளவு அதைப்போல இருமடங்கு. தாங்க ஆளில்லாத உச்சி உள்ளே இடிந்து விழுந்து, 2.5 கி.மீ. அகலப் பள்ளமாயிற்று. மலையின் உயரத்தில் 250 மீட்டருக்கு மேல் காணாமல் போனது.

விதி என்பதா என்னவோ, அதே நாள் யுன்யா புயல் லூசோனைக் கடந்தது. சாம்பல் மழையில் நனைந்து ஈரச் சிமெண்ட்போலக் கூரைகளில் ஏறி உட்கார்ந்தது. அன்று இறந்த சில நூறு பேரில் பெரும்பாலோர் கூரை இடிந்து இறந்தவர்கள். பிறகு முகாம்களில் நோய் பரவியபோது, குறிப்பாகத் தட்டம்மையில், ஐட்டா மக்களின் குழந்தைகள் நிறையப் பேர் போனார்கள். ஊரைக் காலி செய்யாமல் இருந்திருந்தால் குறைந்தது 5,000 பேராவது கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று ஆய்வு அமைப்புகள் மதிப்பிட்டன. மலையைத் தாயாக வைத்து வாழ்ந்தவர்களுக்கு முகாம் கொடுத்த விலையையும் அந்த மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கணக்கில் இடித்த கந்தகம்

வெடிப்பு முடிந்தது. இரண்டாவது புதிர் அப்போதுதான் தொடங்கியது.

நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்க டாம்ஸ் என்ற கருவி இருந்தது. கந்தக டை ஆக்சைடும் புற ஊதாவை உறிஞ்சுவதால் அது இதன் கண்ணிலும் படும் என்பதை 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது கண்டுபிடித்திருந்தார்கள். (ஆலைப் புகைக்குச் செய்த கருவி ஒன்று, ஓசோனுக்குச் செய்த கருவி ஒன்று. எரிமலை வாயு பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி இப்படி ஒட்டுண்ணியாக வந்தது.) பினடூபோ மேலே அனுப்பிய கந்தக டை ஆக்சைடு 1.5 கோடி டன்னிலிருந்து 2 கோடி டன் வரை என்று கணக்கிட்டார்கள். 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் தந்தது சுமார் 10 லட்சம் டன்தான்.

சரி, இவ்வளவும் குழம்பில் கரைந்து இருந்ததா? அதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஆழத்தில் படிகங்கள் வளரும்போது சின்னஞ்சிறு குழம்புத் துளிகளைத் தங்களுக்குள் சிறைபிடித்துக்கொள்ளும். வெடித்து வெளியே வந்ததும் அந்தத் துளி கண்ணாடியாக உறையும். வாயு தப்பிக்க முடியாத சிறை என்பதால், வெடிப்புக்கு முன் குழம்பில் என்ன கரைந்திருந்ததோ அது அப்படியே அதில் இருக்கும். பினடூபோ நுரைக்கற்களின் படிகங்களில் இருந்த துளிகளை ஆராய்ந்தால், கந்தகம் மிகச் சொற்பம். மொத்தக் குழம்பையும் கணக்கிட்டாலும் செயற்கைக்கோள் பார்த்ததில் சில சதவீதம்தான் தேறியது. குளிர்ந்த, சிலிக்கா மிகுந்த டேசைட்டில் கந்தகம் அதிகம் கரையவே கரையாது.

அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட் என்ற கால்சியம் சல்ஃபேட் படிகங்கள் இருந்தன. வெடிக்கும்போது அவை சிதைந்து கந்தகத்தைக் கக்கினவா என்று சிலர் கேட்டார்கள். ஆனால் படிகங்கள் அவ்வளவு வேகமாகச் சிதைந்ததற்கான தடயம் போதவில்லை. டெரன்ஸ் கெர்லாக்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் வேறு விடை சொன்னார்கள்: வெடிப்பதற்கு முன்பே, 8 கி.மீ. ஆழத்திலேயே, மாக்மா வாயுவால் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கரையக்கூடியது கரைந்தது போக மிச்சம் அங்கேயே தனிக் குமிழ்களாகத் தங்கியிருந்தது. கந்தகத்துக்குத் திரவத்தைவிடக் குமிழ்கள் பிடிக்கும். ஆகவே அது குமிழ்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. படிகச் சிறையில் அகப்பட்டது கந்தகம் ஏற்கெனவே வெளியேறிவிட்ட திரவம். இந்த வழியில் கணக்கிட்டால், அன்று வெளியேறிய தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 50 கோடி டன்னுக்குக் குறையாது. கார்பன் டை ஆக்சைடு 4 கோடி டன்னுக்கு மேல்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், பாடப்புத்தகத்தில் சொல்லும் 'கரைந்த வாயு' என்ற படத்தை இது பாதி கலைத்துப் போடுவதுதான். மூடியைத் திறக்கும்வரை சோடாவில் ஒரு குமிழும் இருக்காது என்று படித்தோம். பினடூபோவின் சோடா மூடி திறப்பதற்கு வெகுகாலம் முன்பே நுரைத்துத்தான் கிடந்தது. 2,000 வளிமண்டல அழுத்தத்தில் அந்தக் குமிழ்கள் நாம் நினைக்கும் காற்றுக் குமிழ்கள் இல்லை; வாயுவுக்கும் தண்ணீருக்கும் நடுவான அடர்த்தி கொண்ட ஒரு பாய்மம். நசுக்கினால் நசுங்கும், விட்டால் விரியும்.

அவ்வளவு வாயுவை யார் கொண்டுவந்து சேர்த்தது என்பதற்கும் தடயம் கிடைத்தது. ஜூன் 7 அன்று முளைத்த மேடு தூய டேசைட் இல்லை. அதில் பசால்ட் கட்டிகள் கலந்திருந்தன. சூடான பசால்ட் குழம்பு குளிர்ந்த டேசைட்டுக்குள் புகுந்து சட்டென்று உறைந்த அடையாளம். பழைய பதிவுகளைத் தோண்டியபோது, மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சுமார் 35 கி.மீ. ஆழத்தில் விசித்திரமான நீண்ட அலை அதிர்வுகள் நடந்திருந்தது தெரிந்தது. அடியிலிருந்து பசால்ட் ஏறி வந்த சத்தம். அது தன் கந்தகத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் டேசைட்டுக்கு ஊட்டியது, சூட்டையும் கொடுத்தது. மே 28இன் 5,000 டன் பெரும்பாலும் இந்த விருந்தாளியின் வரவுதான் என்று நினைக்க இடமிருக்கிறது.

மேலே போனதும் கரைந்து போனதும்

மேலே போன கந்தகம் சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்கில் மழை கிடையாது. போனது இறங்க ஆண்டுக்கணக்காகும். கந்தக டை ஆக்சைடு மேகம் 22 நாளில் பூமியைச் சுற்றிவந்தது. பிறகு கந்தக அமிலத் துளிகளாக மாறி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சன் குழு, உலக வெப்பம் 1992 கடைசிக்குள் அரை டிகிரி அளவு குறையும் என்று கணினி மாதிரியை வைத்து அந்த ஆண்டு ஜனவரியிலேயே வெளியிட்டது. கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. காலநிலை மாதிரிகளை நம்பாதவர்களிடம் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குளோரினோ வேறு வழியில் போனது. ஹைட்ரஜன் குளோரைடு தண்ணீரைக் கண்டால் விடாது, சாம்பல் தூணுக்குள் இருந்த ஈரத்திலேயே கரைந்து பெரும்பகுதி கீழே வந்துவிட்டது.

எந்த வாயு என்பதைப் பொறுத்து விளைவும் மாறும். 2022 ஜனவரியில் தொங்கா நாட்டில் கடலுக்கடியில் வெடித்த எரிமலை, மேலடுக்குக்கு அனுப்பிய கந்தக டை ஆக்சைடு 5 லட்சம் டன்கூட இல்லை. ஆனால் கடல்நீரை ஆவியாக்கி சுமார் 14.6 கோடி டன் நீராவியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. சத்தத்தில் பினடூபோவுக்குச் சளைத்ததில்லை. குளிர்ச்சி மட்டும் அந்த மாதிரி வரவில்லை.

அன்ஹைட்ரைட் பற்றி ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். எல் சிச்சோனிலும் பினடூபோவிலும் அது கண்ணில் பட்டதற்குக் காரணம், சாம்பல் விழுந்த சூட்டோடு ஆட்கள் போய்க் கல்லைப் பொறுக்கியதுதான். சில மழைக்காலம் போனால் நுரைக்கல்லில் அந்தப் படிகம் இருந்த இடத்தில் வெறும் பொத்தல்தான் மிஞ்சும். குமிழ் விட்ட பொத்தல்களோடு அதுவும் ஒன்றாகிவிடும். பினடூபோவின் முந்தைய வெடிப்புகள் கொட்டிவிட்டுப் போன பழைய கற்களில் கந்தகம் எவ்வளவு இருந்தது என்பதை இப்போது கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1815இல் வெடித்த தம்போரா போன்றவற்றின் கந்தகக் கணக்கைக் கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் துளையிட்டு எடுக்கும் பனித்தண்டுகளில், அந்தந்த ஆண்டு விழுந்த பனியின் புளிப்பை அளந்துதான் தேடுகிறார்கள்.